சுழியமும் வெற்றுக் கட்டமும்: பட்டான்செரு பைத்தான் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டான்செரு,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்ப ஆசை. இன்று மாலை டீக்கடை பெஞ்சில் நமக்கான இடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இரானி டீ ஆறிப்போனது. உஸ்மானியா பிஸ்கட்டை நாய்க்குப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். குழுவில் எழுதினால் அதற்கும் நாற்பது கமெண்ட் வரும். அதனால்தான் மடல்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் பட்டான்செரு என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். தெலுங்கில் செருவு என்றால் ஏரி. தமிழில் செரு என்றால் போர். ஏரிப் பெயர் கொண்ட ஊருக்குப் பிழைக்க வந்து, தமிழ்ப் பொருளுக்கு ஏற்றபடி நடந்துகொண்டவர்கள் நீங்கள்தான்.

சண்டை எதற்கு? மழை அளவைக் கொடுத்தால் அது எந்த வகை மழை என்று சொல்லும் ஒரு சின்ன ஃபங்ஷனுக்கு. எழுதி முடிக்கக் கால் மணி நேரம். ரிவ்யூவில் ஒன்பது நாள்.

மூத்த தம்பி இஃப், எலிஃப், எலிஃப், எல்ஸ் என்று படிக்கட்டு கட்டினார். சின்னத் தங்கை, "இது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது. எல்லைகளை ஒரு லிஸ்டில் போட்டு பைசெக்ட் பண்ணினால் ஒரே வரி" என்றார். இன்னொருவர் மேட்ச் போடலாம் என்றார். நான்காமவர் எல்லா இஃப்-எல்ஸையும் ஒரே வரியில் கோத்து, ரயில்பெட்டி போல நீட்டினார். பிறகு "இது பைத்தானிக் இல்லை" என்ற சொல் விழுந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் "இது நம்ம குடும்பத்துக்குச் சரிப்படாது" என்பார்களே, அந்தச் சொல்லுக்கு இருக்கும் குணமேதான் இதற்கும். காரணம் கேட்டால் கோபம் வரும்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூத்த தம்பியுடையது, சின்னத் தங்கையுடையது என்று இரண்டு நிரலையும் என் கணினியில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு உங்களுக்குத் தெரியும். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது ஒரு நாள் மழை. 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. 204.5-உம் அதற்கு மேலும் அதி கனமழை. 2.5-க்குக் கீழே இருந்தால் அது மழைநாளாகவே கணக்கில் வராது. அதை நாம் 'மழை இல்லை' என்று போடுகிறோம்.

தம்பி இந்த அட்டவணையை அப்படியே படிகளாக எழுதியிருந்தார்: 15.6-இலிருந்து 64.4-க்குள் இருந்தால் மிதமான மழை என்று ஒவ்வொரு படிக்கும் இரண்டு முனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஊரில் இரண்டு மழைமானிகள் இருந்து, ஒன்று 15.4-உம் மற்றது 15.7-உம் காட்டினால் சராசரி 15.55. அது லேசான மழையின் மேல்முனைக்கும் மிதமான மழையின் கீழ்முனைக்கும் நடுவே இருக்கும் சந்து. எந்தப் படியிலும் கால் படாமல் நழுவி, கடைசி எல்ஸில் போய் விழுந்தது. அங்கே எழுதியிருந்தது: மழை இல்லை. குடை பிடித்துப் போன நாள் வறண்ட நாளாகிவிட்டது. தங்கையின் பைசெக்டில் எல்லைக்கு ஒரே எண்தான், சந்து கிடையாது. இந்த இடத்தில் தங்கை சொன்னது சரி.

அடுத்து, பழுதான மழைமானியிலிருந்து வரும் வெற்றுப் பதிவைக் கொடுத்தேன். பாண்டாஸில் ஏற்றினால் அந்த வெற்றுக் கட்டம் 'நேன்' ஆகும், அதாவது 'எண் அல்ல'. நேனை எந்த எண்ணோடு வைத்து 'பெரியதா, சிறியதா' என்று கேட்டாலும் பைத்தான் இல்லை என்றே சொல்லும். தம்பியின் படிக்கட்டில் எல்லா இஃப்பும் இல்லை என்றன. பதிவு மறுபடி எல்ஸில் விழுந்து 'மழை இல்லை' ஆனது. தங்கையின் பைசெக்ட் ஒவ்வொரு எல்லையிலும் 'இந்த எல்லையைவிடச் சிறியதா?' என்று கேட்டது. இல்லை என்ற பதில் வர வர வலப்பக்கம் நகர்ந்து, லிஸ்டின் கடைசிக்கே போய் நின்றது. அங்கே இருப்பது அதி கனமழை.

ஒரே பழுதான கருவிதான். ஒரு நிரல் வறட்சி என்றது, இன்னொன்று சிவப்பு எச்சரிக்கை விட்டது. ஒன்பது நாளும் நாற்பது கமெண்டும் போன ரிவ்யூவில், வெற்றுப் பதிவு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அழகா வேகமா என்றே பேசினோம்.

உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. இதைவிடப் பெரிய பிழையைச் செய்தவள் நான். பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்தில், சோளமும் துவரையும் போடும் விவசாயிகளுக்குக் காலையில் குறுஞ்செய்தி அனுப்பும் வேலையில் இருந்தேன். ஒரு வார மழையைக் கூட்டி, நீர் பாய்ச்ச வேண்டுமா என்று சொல்வோம். சில நாள் பதிவு வந்து சேராது. அதற்கு ஒரு வரி எழுதினேன்: இன்றைய மழை 'ஆர்' நெடுநாள் சராசரி. பதிவு இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் சராசரியை எடு என்பது என் எண்ணம். நறுக்கென்று இருந்தது. ரிவ்யூ செய்தவர் கட்டைவிரல் காட்டினார். எனக்குப் பெருமை.

பைத்தானுக்குச் சுழியமும் பொய், வெற்றுச் சரமும் பொய், 'நன்' என்னும் இன்மையும் பொய். ஆகவே 0.0 என்ற பதிவு வந்தபோது என் வரி அதை ஒதுக்கிவிட்டுச் சராசரியை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் ஒரு வாரம் சொட்டு மழை இல்லை. நிரல் தினமும் சில மில்லிமீட்டர் பெய்வித்தது. நீர் பாய்ச்சத் தேவையில்லை என்று செய்தி போனது. பிறகு பாண்டாஸுக்கு மாறியபோது இன்னும் மோசம். நேன் பைத்தானுக்கு மெய். இப்போது வெற்றுக் கட்டம் தடையின்றி உள்ளே போனது, உண்மையான சுழியம் வெளியே தள்ளப்பட்டது. நான் நினைத்ததற்கு நேர் தலைகீழ், அதே ஒரு வரியில்.

அந்த ஆகஸ்டில், மழை நின்ற எட்டாம் நாள் ஒரு விவசாயி போன் செய்தார். "மேடம், வான மெசேஜ்லோனே படுதோந்தி" என்றார். மழை உங்கள் மெசேஜில் மட்டும்தான் பெய்கிறது என்று. அவர் சிரிக்கவில்லை. அவருடையது செம்மண் நிலம். இங்கே இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிலைய வளாகத்துக்குள்ளேயே செம்மண்ணும் கரிசலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. செம்மண் வகை ஒன்றுக்கு மண்ணியலார் வைத்த பெயரே பட்டான்செரு. கரிசல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். செம்மண்ணுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு வாரம் தவறினால் இலை சுருளும்.

அந்த வரி அழகில்லாத வரி அல்ல. வேகம் குறைந்த வரியும் அல்ல. பொருள் தவறிய வரி. 'இஃப் எக்ஸ்' என்று எழுதும்போது 'எக்ஸ் நன் அல்ல' என்பதுதான் உன் எண்ணமா என்று பார்த்துக்கொள் என பெப் 8 எச்சரிக்கிறது. இடைவெளிக்கும் வரி நீளத்துக்கும் அந்த நடைக்கையேட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிகிறோமே, அதிலேயேதான் இது இருக்கிறது. எறிந்த வேகத்தில் படிக்கவில்லை.

இந்தச் சுழியம் நம்மை மட்டும் படுத்தவில்லை. பைத்தானை ஆக்கியவர்களையே படுத்தியிருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரே வரியில் இஃப்-எல்ஸ் எழுத வழியில்லை. 'நிபந்தனை அண்ட் அ ஆர் ஆ' என்று ஒரு குறுக்குவழியில் ஓட்டினார்கள். நடுவில் இருக்கும் அ சுழியமாகிவிட்டால், நிபந்தனை மெய்யாக இருந்தாலும் ஆ வந்து நிற்கும். அந்தப் பிழைக்கு முடிவு கட்டத்தான் பெப் 308 என்னும் முன்மொழிவு. 2003-இல் பல வடிவங்களை வைத்து வாக்கெடுத்தார்கள், தெளிவான பெரும்பான்மை இல்லை. கடைசியில் 2005-இல் பைத்தானை முதலில் எழுதிய கைடோ வான் ராசம் தாமே ஒரு வடிவத்தைத் தேர்ந்தார். 2006-இல் பைத்தான் 2.5-ஓடு அது வெளிவந்தது. நான்காம் தம்பி ரயில்பெட்டி கோத்தது அந்த வடிவத்தில்தான்.

இன்னொன்று கேளுங்கள். பைத்தான் 3.5 வரும்வரை, அதாவது 2015 வரை, நள்ளிரவு பொய். நாள் இல்லாமல் வெறும் நேரத்தை மட்டும் வைத்திருக்கும் 'டைம்' மதிப்பு உலகப் பொது நேரப்படி நள்ளிரவாக இருந்தால் இஃப் அதை இல்லை என்று சொல்லிவிடும். பகல் முழுதும் ஓடும் நிரல் பன்னிரண்டு மணிக்குத் தடுமாறும். பேய்க்கதை போல இருக்கிறது, ஆனால் ஆவணத்திலேயே எழுதிவைத்திருந்த நடத்தை அது.

அவர்களும் சண்டை போட்டவர்கள்தான். ஸ்விட்ச் வேண்டும் என்று 2001-லும் 2006-லும் முன்மொழிவுகள் வந்தன. 2007 பைகான் மாநாட்டில் கைதூக்கச் சொன்னபோது ஆதரவில்லை என்று கைவிட்டார்கள். அந்த வேலைக்கான மேட்ச் வந்தது 2021-இல், 3.10-ஓடு. 2018-இல் வால்ரஸ் என்னும் குறிக்காக நடந்த வாக்குவாதத்தில் களைத்துப்போன கைடோ, அதே ஆண்டு ஜூலை 12 அன்று தலைமைப் பொறுப்பை விட்டே விலகினார். ஒரு குறிக்காக. நம் சண்டையில் இன்னும் யாரும் ராஜினாமா செய்யவில்லை. அந்த மட்டில் மகிழ்ச்சி.

அதனால் நடையைப் பற்றிப் பேசுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. நடை என்பது படிப்பவருக்குச் செய்யும் உபசாரம். எனக்கு அந்த ஒற்றை வரி இஃப்-எல்ஸ் இன்றுவரை நெருடும். காரணம் காதுதான். "மழை பெய்தால் குடை, இல்லாவிட்டால் தொப்பி" என்று வளர்ந்த காது இது. பைத்தானோ "குடை, மழை பெய்தால், இல்லாவிட்டால் தொப்பி" என்கிறது. முதலில் விடை, நடுவில் கேள்வி. முத்து அண்ணாமலை பைத்தானை வைத்தே உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியைப் பாருங்கள். அதில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும். அடுத்து 'இல்லைஆனால்', கடைசியில் 'இல்லை', பிறகு 'முடி'. நாம் பேசும் வரிசை. பைத்தான் 3-இலும் மாறிக்கு 'மழை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். ஆகவே எனக்குப் படிக்க எளிதாக இருப்பது இன்னொருவருக்கு அப்படி இருக்காது. அது பழக்கம். பழக்கத்தைச் சட்டம் என்று சொல்லும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

வேகத்துக்கு வருவோம். தங்கை சொன்ன கணக்கு பிழையில்லை: ஐந்து எல்லைகளுக்குப் படிக்கட்டு ஐந்து முறை வரை ஒப்பிடும், பைசெக்ட் மூன்றோடு நிறுத்தும். ஆனால் எத்தனை பதிவுகளுக்கு? ஒரு நிலையத்தின் நாற்பதாண்டு தினப் பதிவு 14,610 எண்கள். ஐந்தால் பெருக்கினால் 73,050 ஒப்பீடுகள். ஒன்றுக்கு நூறு நானோவினாடி என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் ஏழு மில்லிவினாடியும் கொஞ்சமும். கண் சிமிட்ட ஆகும் நேரம்கூட இல்லை. இதில் பாதியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? அதைவிட, இங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் மழையில்லா நாள். 2.5-க்குக் கீழா என்ற கேள்வியை முதல் படியாக வைத்தால் பெரும்பாலான பதிவுகள் ஒரே ஒப்பீட்டில் வெளியேறிவிடும். தரவு தெரிந்தவரின் படிக்கட்டு, தரவு தெரியாதவரின் பைசெக்டை முந்தும்.

நாளை வானிலைத் துறையின் கட்டத் தரவை எடுத்தால் கதை வேறு. கால் பாகை இடைவெளியில் 135-க்கு 129, மொத்தம் 17,415 கட்டங்கள். ஓராண்டுக்கே அறுபத்துமூன்று லட்சத்துக்கு மேல் எண்கள், 1901-இலிருந்து இருக்கிறது. அங்கே இஃப்பா பைசெக்டா என்ற கேள்வியே எழாது. லூப்பையே தூக்கிவிட்டு நம்பையிடம் முழு அணியாகக் கொடுக்க வேண்டும். அப்போதும் கவனம் தேவை. நம்பையின் டிஜிட்டைஸும் நேனைக் கொண்டுபோய் உச்சத்தில்தான் வைக்கும். அந்தத் தரவில் பதிவில்லாத கட்டத்துக்கு -999 என்று போட்டிருப்பார்கள். அது எல்லா எல்லைக்கும் கீழே இறங்கி, சத்தமில்லாமல் 'மழை இல்லை' ஆகிவிடும். லூப்பை எடுத்ததால் வேகம் கூடும். தவறும் அதே வேகத்தில் கோடிக்கணக்கில் பெருகும்.

அதனால் அக்காவுக்காக மூன்று காரியம் செய்யுங்கள்.

வரி நீளம், மேற்கோள் குறி, அடைப்புக்குறிக்குள் இடைவெளி எல்லாவற்றையும் பிளாக் என்னும் நடைதிருத்தும் கருவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு 88 எழுத்து, பெப் 8-க்கு 79. எது சரி என்று கேட்காதீர்கள். கருவி சொன்னதே தீர்ப்பு. ரிவ்யூவில் அதைப் பற்றிக் கமெண்ட் போடுபவர் அன்றைய டீச் செலவை ஏற்கட்டும்.

வேகம் என்று வாய் திறப்பவர் டைமிட்டில் ஓட்டி நேரம் அளந்த எண்ணோடு வரட்டும். எந்தத் தரவில், எத்தனை பதிவில் என்றும் சேர்த்துச் சொல்லட்டும். எண் இல்லாவிட்டால் அது ருசி. ருசிக்கு மரியாதை உண்டு, வாக்கு கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். நிரல் எழுதுமுன் ஒரு தாளில், தமிழிலேயே, எந்த எண் வந்தால் எந்த விடை என்று எழுதி அனைவரும் கையெழுத்துப் போடுங்கள். 0.0, 2.4, 2.5, 15.5, 15.55, 15.6 எல்லாம் அதில் இருக்கட்டும். 2000 ஆகஸ்ட் 24 அன்று ஐதராபாத் பேகம்பேட்டையில் பெய்த 241.5 இருக்கட்டும், அது அதி கனமழை. 2020 அக்டோபர் வெள்ளத்தில் அதே இடத்தில் பதிவான 191.8 இருக்கட்டும், அது மிகக் கனமழை. 49 என்று ஒன்றும் சேருங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் பெய்த மழை, நம் செய்திகளில் எல்லாம் 49 சென்டிமீட்டர் என்றே வந்தது. அந்த எண்ணை அப்படியே நம் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 49 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு 'மிதமான மழை' என்று சொல்லும். சென்னை மூழ்கிய நாளை மிதமான மழை என்று சொல்லும் நிரல், எவ்வளவு பைத்தானிக்காக இருந்து என்ன?

கடைசி வரிசையில் வெற்றுக் கட்டம், -999, எதிர்மறை எண். இவற்றுக்கு விடை 'பதிவு இல்லை'. எல்ஸ் என்பது குப்பைத்தொட்டி அல்ல. அதில் விழக்கூடியது எது என்று தெரிந்த பிறகே அதைத் திறந்துவையுங்கள்.

அந்தத் தாளில் எழுதும்போது தாராளமாகச் சண்டை போடுங்கள். 2.4-ஐ 'மழை இல்லை' என்று சொல்லலாமா, விதைத்தவனுக்கு அது மழைதானே என்று ஒருவர் கேட்டால் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசலாம். நானும் உட்கார்ந்து பேசுகிறேன். அந்த வாதத்தில் தோற்பவருக்கும் ஏதோ ஒன்று புரிந்திருக்கும். தாள் முடிந்தபின் படிக்கட்டோ, பைசெக்டோ, மேட்சோ, தாளில் உள்ள அத்தனை வரிக்கும் சரியான விடை தரும் எதுவும் எனக்குச் சம்மதம். தம்பியின் படிக்கட்டில் மேல்முனைகளை எடுத்துவிட்டு, மேலிருந்து கீழே இறங்கினால் சந்து அடைபடும். தங்கையின் பைசெக்டுக்கு முன்னால் நேனைப் பிடிக்கும் ஒரு வரி போட்டால் சிவப்பு எச்சரிக்கை நிற்கும். வெற்றுக் கட்டத்தையும் எதிர்மறை எண்ணையும் முதலிலேயே பிடிக்கும் வரி இரண்டு பேருக்கும் வேண்டும். சின்ன வேலைதான் மிச்சம்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். என் முதல் வேலையில் ஒரு வயதானவர் மழைப் பதிவேடு எழுதுவார். கோடையிலும் தினமும் காலை எட்டரைக்கு மழைமானி வரை நடந்துபோவார். புனலைக் கழற்றுவார், உள்ளே குடுவையைப் பார்ப்பார், காய்ந்து கிடக்கும். திரும்பி வந்து 0.0 என்று எழுதுவார். "வானம் பளிச்சென்று இருக்கிறதே, இங்கிருந்தே எழுதிவிட வேண்டியதுதானே தாத்தா" என்று ஒருநாள் கேட்டேன். "போகாமல் எழுதினால் அது என் கணக்கு அம்மா. போய்ப் பார்த்து எழுதினால்தான் மழையின் கணக்கு" என்றார். உடம்புக்கு முடியாத நாளில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார். ஒருநாளும் அதில் சுழியம் போட்டதில்லை.

என் அந்த ஒற்றை வரி, அவர் வெயிலில் நடந்த நடையையெல்லாம் பொய் என்று தள்ளிவிட்டது. அடுத்த முறை 'இஃப் மழை' என்று எழுதக் கை போகும்போது அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்தரைக்கு, அதே பெஞ்ச். வெள்ளைத் தாளும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். டீ உங்கள் செலவு.

அன்புடன்,
மழைக்கணக்கு அக்கா